மாதம் முழுக்க இரவுச் சாப்பாடு: கொழும்பில் காசு எங்கே கரைகிறது?

சம்பளம் வந்த கிழமையில் கோழிக்கறி, இறால், கடைப் பரோட்டா. அடுத்த சம்பளத்துக்கு முந்திய கிழமையில் பாணும் பருப்பும், அதுவும் கடைக்காரரின் கடன் கொப்பியில். கொழும்பில் மாதச் சம்பளத்தில் ஓடும் பல வீடுகளின் இரவுச் சாப்பாடு இவ்வளவுதான். விலை ஏறியது உண்மை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலைகள் ஒரு வருடத்துக்குள் 94.9 சதவீதம் கூடியிருந்தன. அதன் பிறகு ஏற்றத்தின் வேகம் குறைந்ததே தவிர, விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஆனாலும் அதே தெருவில் அதே சம்பளத்தோடு ஒரு வீடு சமாளிக்கிறது, பக்கத்து வீடு பாதி மாதத்திலேயே தடுமாறுகிறது. ஏன் என்று பார்த்தால், சந்தையில் பேரம் பேசத் தெரியாததால் போகும் காசைவிட, பின்னேரம் ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில் குசினியில் போகும் காசு அதிகம்.

இரவுக்கென்று தனிச் சமையல்

பெரிய தவறு இதுதான். மத்தியானம் சோறு, இரவில் மாச் சாப்பாடு என்பது எங்கள் வீடுகளின் பழைய ஒழுங்கு. இரவுக்குப் புட்டோ ரொட்டியோ தோசையோ செய்தால் மத்தியானக் கறியில் மிஞ்சியதும் ஒரு சம்பலும் போதும். கறி மிஞ்சவில்லையா, ஒரு சொதி. இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளில் இந்த ஒழுங்கு குலைந்துவிட்டது. விடிய ஐந்து மணிக்கு எழும்பிச் சமைத்ததெல்லாம் மத்தியானப் பார்சலோடு முடிந்துவிடுகிறது. பின்னேரம் களைத்து வந்து மறுபடி வெங்காயம் வெட்டுவதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு தரம் தாளிதம், இரண்டு தரம் தேங்காய், இரண்டு தரம் காஸ். அதற்கு மனம் வராத இரவுகளில் கொத்து ரொட்டி.

காலையில் கறி வைக்கும்போதே இரவுக்கும் சேர்த்து வைத்துவிட வேண்டும். எந்தக் கறி என்பதில்தான் கவனம். தேங்காய்ப்பால் விட்ட கறி கொழும்பு வெக்கைக்கு அடுப்படியில் பின்னேரம் வரை நிற்காது. பருப்பை மஞ்சளும் உள்ளியும் போட்டு வெறும் தண்ணீரில் அவியுங்கள். பாதியை எடுத்து ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மீதிக்கு மட்டும் பால் விடுங்கள். இரவில் அந்தப் பாதிக்குக் கொஞ்சம் பாலும் தாளிதமும் சேர்த்தால் புதுக்கறி. தக்காளியும் மிளகும் புளியும் சேர்த்தால் பருப்பு ரசம். கத்தரிக்காய்க் குழம்பு, வெண்டிக்காய்க் குழம்பு போன்ற புளி விட்ட கறிகளை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரவில் ருசி கூடத்தான் செய்யும். கீரை அப்படியல்ல. அதை அந்தந்த நேரத்திலேயே முடித்துவிட வேண்டும்.

சோற்றில் இன்னும் கவனம் வேண்டும். காலையில் வடித்த சோற்றை றைஸ் குக்கரிலேயே, பிளக்கைக் கழற்றிவிட்டு, இரவு வரை விட்டுவைக்கும் வீடுகள் உண்டு. சோற்றில் வளரும் ஒருவகைப் பக்டீரியாவின் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. மிச்சச் சோற்றை இரண்டு மணித்தியாலத்துக்குள் அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் இரவில் முட்டை போட்டுப் பிரட்டி எடுக்கலாம். காசை மிச்சம் பிடிக்கப் போய் டிஸ்பென்சரிக்குக் கொடுப்பதில் என்ன இலாபம்?

எல்லாவற்றையும் வீட்டில்தான் செய்ய வேண்டும் என்ற பிடிவாதம்

வீட்டில் செய்தால் எல்லாமே மலிவு என்று நினைப்பதும் தவறுதான். இடியப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மா வறுத்து, குழைத்து, பிழிந்து, தட்டுத் தட்டாக அவிப்பது இரண்டு மூன்று பேர் உள்ள வீட்டுக்குக் கட்டுப்படியாகாத வேலை. தெருவுக்குத் தெரு சின்னக் கடைகளிலும் வீடுகளிலும் அவித்து விற்கிறார்கள். இடியப்பத்தை வாங்குங்கள், சொதியையும் சம்பலையும் வீட்டில் செய்யுங்கள். ஐந்தாறு பேர் உள்ள வீடு என்றால் கணக்கு மாறும், சரி. தோசை மாவை மட்டும் வாங்காதீர்கள். உழுந்து ஊறப்போட்டு அரைப்பது பெரிய வேலையில்லை. ஒரு தரம் அரைத்தால் இரண்டு மூன்று இரவுக்கு வரும்.

பணத்தைக் கரைப்பது வேறு வகை வாங்கல். களைத்துப்போன இரவில் ஊபர் ஈட்ஸிலோ பிக்மீயிலோ எடுக்கும் கொத்துக்கு டெலிவரிக் காசு மட்டுமா போகிறது? பல கடைகள் செயலியில் போடும் விலையே கடை விலையைவிடக் கூடுதல். அதை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. மாதத்தில் சில இரவுகள் அப்படித்தான் போகும் என்று தொடக்கத்திலேயே கணக்கில் எழுதிவையுங்கள், நடந்துபோய் வாங்கி வாருங்கள். மற்றக் களைத்த இரவுகளுக்கு இருபது நிமிடத்தில் ஆகிற சாமான் அலுமாரியில் இருக்க வேண்டும்: முட்டை, கோதுமை மா, ஒரு டின்மீன், இரண்டு பைக்கற் சோயா மீட். தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் போட்ட ரொட்டியும் கட்டைச் சம்பலும் கொத்து வந்து சேர்வதற்கு முன்னமே தயாராகிவிடும்.

மெனுவை எழுதிவிட்டுச் சந்தைக்குப் போவது

யூடியூபைப் பார்த்து முப்பது நாளுக்கும் அட்டவணை போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டுகிறவர்கள் உண்டு. செவ்வாய் கரட் சம்பல், வியாழன் போஞ்சிக் கறி. மலைநாட்டில் நாலு நாள் அடைமழை பெய்தால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. 2024 ஜனவரியில் கொழும்பில் கரட் கிலோ 2,000 ரூபா வரை போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். அட்டவணையில் மரக்கறியின் பெயரை எழுதாமல் ‘ஒரு கீரை, ஒரு காய், ஒரு கிழங்கு’ என்று இடத்தை மட்டும் விட்டுவையுங்கள். கரட்டும் லீக்ஸும் ஏறிய நாளில் பூசணி, வாழைக்காய், மரவள்ளி, ஈரப்பலாக்காய் என்று இறங்கி வாருங்கள். மரவள்ளிக்கிழங்கு அவித்து ஒரு சம்பல் அரைத்தால் அதுவே முழு இரவுச் சாப்பாடு, மாவும் வேண்டாம் கறியும் வேண்டாம்.

மீனும் இப்படித்தான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கரைக் கடல் கொந்தளிக்கும். கொழும்பில் மீன் விலை கூடும். அந்த மாதங்களிலும் அறக்குளாதான் வேண்டும் என்று நிற்பவர்களுக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. சாளை, சூடை போன்ற சின்ன மீன்கள் கிடைத்தால் புளி விட்டு வற்றவைத்து இரண்டு இரவுக்கு வைத்துக்கொள்ளலாம். டின்மீன் வாங்கினால் 425 கிராம் என்ற மொத்த நிறையைப் பார்க்காமல், தண்ணீர் நீங்கலான மீனின் நிறையைப் பார்த்து விலையை ஒப்பிடுங்கள்.

மொத்தமாக வாங்கினால் இலாபமா?

சில சாமானுக்கு மட்டும். புறக்கோட்டை நான்காம், ஐந்தாம் குறுக்குத் தெருக்களில் பருப்பு, கடலை, செத்தல் மிளகாய், சீனி எல்லாம் ஊர்க் கடையைவிட மலிவு, நாள்பட நிற்கவும் செய்யும். மாவும் ரவையும் கொழும்பின் ஈரக்காற்றில் வண்டு பிடிக்கும். பெரிய வெங்காயம் முளைக்கும், அழுகும். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியபோது பயந்துபோய் மூட்டையாக வாங்கியவர்கள் பாதியைக் குப்பையில் கொட்டியிருப்பார்கள். மரக்கறிக்காகப் புறக்கோட்டைக்குப் போகும் பழக்கத்தையும் விடலாம். அங்கே இருந்த மெனிங் மொத்த மரக்கறிச் சந்தை பேலியகொடைக்குப் போய்விட்டது. ஒரு வீட்டுக்கான மரக்கறிக்கு அவ்வளவு தூரம் போனால் மிச்சப்படுத்தியதை ஓட்டோக்காரருக்குக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். அதே மாடியில் இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து போனால் வேறு கதை.

தேங்காய்

2024 கடைசியில் தேங்காய் ஒன்று 200 ரூபாவைத் தாண்டிய பிறகும் சம்பலுக்கு ஒன்று, சொதிக்கு ஒன்று என்று உடைக்கிற வீடுகள் இருக்கின்றன. ஒரு தேங்காயைத் துருவி, பாதியைச் சம்பலுக்கு வையுங்கள். மற்றப் பாதியில் முதற்பாலைச் சொதி இறக்கும்போது விடுங்கள், இரண்டாம் பாலை அவித்த பருப்புக்கு விடுங்கள். மிஞ்சிய பூவைச் சின்னச் சின்னப் பொட்டலமாக ஃபிரீசரில் போட்டால் புட்டுக்கு உதவும். கிழமையில் இரண்டு இரவாவது தேங்காய் இல்லாமல் கழியட்டும்: ரசம், புளிக்குழம்பு, தோசைக்குச் செத்தல் மிளகாயும் வெங்காயமும் அரைத்த சம்பல்.

மாதக் கடைசியில் மாச்சத்து மட்டும்

காசு குறைந்ததும் முதலில் வெட்டப்படுவது முட்டையும் பருப்பும்தான். வெறும் பாணும் சம்பலும் சாப்பிட்ட பிள்ளை பத்து மணிக்குப் பிஸ்கட் கேட்கும். அந்தப் பைக்கற்றின் விலைக்கு முட்டை வாங்கியிருக்கலாம். உலர்ந்த சோயா மீட்டின் நிறையில் ஏறக்குறைய பாதி புரதம், பருப்பில் கால்வாசி. வெட்டுவதென்றால் பொரியலையும் சோடாவையும் வெட்டுங்கள். பாண் வாங்கும்போது ஒன்று: 2024 பெப்ரவரி முதல் ஒரு றாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டும் என்பது சட்டம். கையில் இலேசாகத் தெரிந்தால் நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை மரக்கறி நாள் மலிவாகத்தான் முடிய வேண்டும். ஆனால் மச்சம் இல்லையே என்ற குறைக்கு ஈடாகக் காளான், கஜு, அப்பளம், வடை என்று போய் அந்த இரவுதான் கிழமையிலேயே செலவு கூடிய இரவாகிவிடுகிறது!

நான்கால் பிரிப்பது

சாப்பாட்டுக் காசை நான்கு கிழமைக்கு என்று நான்கு கவரில் போடுகிறார்கள். நான்கு கிழமை என்றால் 28 நாள். 25ஆம் திகதி சம்பளம் என்றால் அடுத்த 25க்கு, பெப்ரவரியை விட்டால், 30 அல்லது 31 நாள். அந்த இரண்டு மூன்று நாளுக்குக் கவர் இல்லை. கடன் கொப்பி அங்கேதான் திறக்கிறது. மொத்தத்தை 31ஆல் பிரித்து, ஏழேழு நாளுக்கு எடுத்துவைத்து, மிச்ச நாள்களுக்கு ஐந்தாவது கவர் போடுங்கள். காஸுக்கு வேறொரு கவர். 12.5 கிலோ சிலிண்டர் மாட்டிய திகதியை அதன்மேலேயே எழுதிவைத்தால், உங்கள் வீட்டில் அது எத்தனை நாள் போகிறது என்று இரண்டு சிலிண்டரில் தெரிந்துவிடும். அதைப் பார்த்து மாதாமாதம் எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று முடிவுசெய்யலாம்.