‘மூன்று தலைமுறை பில்டரிடம்’ புது வீடு: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

“தாத்தா தொடங்கியது, இன்று பேரப்பிள்ளைகள் நடத்துகிறார்கள்.” மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ரன் பக்கம் எந்தப் புதுவீட்டு விற்பனை நிலையத்துக்குப் போனாலும் இப்படி ஒரு வாசகம் சுவரில் இருக்கும். பல பில்டர்களுக்கு அது உண்மைதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியில் இருந்து வந்து செங்கல் அடுக்கியவர்களின் குடும்பங்கள்தான் ரொறன்ரோவைச் சுற்றிய பல குடியிருப்புகளைக் கட்டின.

ஆனால் ஒப்பந்தத்தில் ‘விற்பவர்’ என்ற இடத்தைப் பாருங்கள். பலகையில் உள்ள குடும்பப் பெயர் பெரும்பாலும் அங்கே இராது. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி நிறுவனம் பதிவதும், சிலவேளை வெறும் இலக்கத்தையே பெயராக வைப்பதும் இங்கே வழக்கம். நாளைக்குப் பிரச்சினை என்றால் நீங்கள் பிடிக்கக்கூடியது அந்த நிறுவனத்தைத்தான். 2021 பெப்ரவரியில் இருந்து பில்டர்களுக்கு உரிமம் கொடுப்பது எச்.சி.ஆர்.ஏ. என்ற ஒன்ராறியோ அமைப்பு. அதன் இணையப் பட்டியலில் குடும்பப் பெயர், ஒப்பந்தப் பெயர் இரண்டையும் தேடுங்கள். உரிமம் இருக்கிறதா, நிபந்தனை ஏதும் போட்டிருக்கிறார்களா, முந்தைய வாடிக்கையாளருக்கு இழப்பீடு போயிருக்கிறதா என்பதெல்லாம் அங்கே தெரியும்.

தலைமுறைக் கணக்கால் உங்களுக்கு உருப்படியான லாபம் ஒன்றுதான்: அவர்கள் 25 வருடத்துக்கு முன் கட்டிய தெரு இன்றும் இருக்கும். மழை பெய்த மறுநாள் அங்கே நடந்து பாருங்கள். அத்திவாரச் சுவரில் வெள்ளை உப்புப் படிவு தெரிகிறதா? செங்கலின் முகம் உரிந்திருக்கிறதா? வீட்டுச் சுவரை ஒட்டி டிரைவ்வே தாழ்ந்து தண்ணீர் தேங்குகிறதா? ஒரு வீட்டில் இருந்தால் அது அந்த வீட்டுக்காரர் கவனிப்புக் குறை. வரிசையாக ஏழெட்டு வீட்டில் இருந்தால் அது கட்டியவர் கைவேலை. மாதிரி வீட்டுச் சமையலறையில் செலவிடும் ஒரு மணி நேரத்தைவிட இந்த நடைக்குப் பலன் அதிகம்.

நிரந்தர வதிவுரிமை இன்னும் வராதவர்கள் முதலில் வழக்கறிஞரிடம் போங்கள். வெளிநாட்டவர் வீடு வாங்குவதற்கு 2023 ஜனவரியில் மத்திய அரசு போட்ட தடையில் பணி அனுமதி உள்ளவர்களுக்குச் சில விலக்குகள் உண்டு. ஆனால் ஒன்ராறியோ வெளிநாட்டவரிடம் வாங்கும் 25% வரி வேறு சங்கதி. தடைக்கு விலக்குக் கிடைத்ததால் வரிக்கும் விலக்கு என்று நினைத்துவிடக் கூடாது.

கையெழுத்து வைக்கும் முன், வழக்கறிஞர் பார்வையிட 5 வேலைநாள் நிபந்தனை எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டால்தான் தருவார்கள். ஒப்பந்தத்தின் பின்னால், புதுவீட்டு உத்தரவாதத்தைக் கவனிக்கும் ரேரியன் அமைப்பின் இணைப்பு இருக்கும்; அதில் இரண்டு இடங்கள் முக்கியம். முதலாவது, வீடு ஒப்படைக்கும் தேதிப் பக்கம். பில்டர் முறைப்படி அறிவித்துத் தள்ளிப்போட இடமுண்டு. அந்த வரம்பையும் மீறித் தாமதித்தால் வாழ்க்கைச் செலவுக்கு நாளுக்கு 150 டொலர், மொத்தம் 7,500 டொலர் வரை கேட்கலாம். வாடகை வீட்டுக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்துவிட்டு நடுத்தெருவில் நிற்பவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்காதவர்களே. இரண்டாவது ‘ஷெடியூல் பி’. சாவி வாங்கும் நாளில் சேர்க்கப்படும் கட்டணங்கள் அங்கே உண்டு. தொகை போடாமல் விட்ட கட்டணங்களுக்கு உச்சவரம்பு கேளுங்கள்.

விலையில் 13% எச்.எஸ்.ரி. (விற்பனை வரி) அடக்கம் என்பார்கள். நீங்களோ நெருங்கிய உறவினரோ குடியேறுவீர்கள் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. வாடகைக்கு விடப் போகிறீர்கள் என்றால் அந்தக் கணக்கில் கழித்த மாகாண வரிக்கழிவைச் சாவி வாங்கும் அன்றே கட்டவேண்டி வரும். பிறகு தனியாக விண்ணப்பித்துத்தான் திரும்ப எடுக்கலாம்.

“பக்கத்திலேயே பள்ளிக்கூடம் வருகிறது” என்று விற்பனையாளர் வெறும் நிலத்தைக் காட்டினால், ஒப்பந்தத்தின் எச்சரிக்கை வாசகங்களைப் புரட்டுங்கள். அந்த நிலத்தில் பள்ளி கட்டப்படாமலே போகலாம், பிள்ளைகள் பஸ்ஸில் வேறெங்கோ போக நேரலாம் என்று பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும்.

ஒப்படைப்புக்கு முன் நடக்கும் பி.டி.ஐ. பரிசோதனைக்கு ரோர்ச், போன் சார்ஜர், ஒரு கோலிக்குண்டு கொண்டுபோங்கள். சார்ஜர் ஒவ்வொரு பிளக்குக்கும், குண்டு தரை மட்டத்துக்கும். கல் மேடை, குளியல் தொட்டி, கண்ணாடி ஆகியவற்றின் கீறல்களை அன்றே எழுதிவிடுங்கள். பின்னால் சொன்னால் “சாமான் ஏற்றும்போது நீங்கள் கீறியது” என்பார்கள். உத்தரவாதம் மூன்று படி. வேலைத்தரத்துக்கும் பொருட்களுக்கும் 1 வருடம். பேஸ்மன்ற் நீர்க்கசிவு, மின்சாரம், குழாய், வெப்பமூட்டலுக்கு 2. பெரிய கட்டமைப்புக் குறைகளுக்கு 7. பில்டரின் ஆளுக்கு அனுப்பிய மின்னஞ்சல் முறைப்பாடாகக் கணக்கில் வராது. ரேரியன் தளத்தில் படிவம் போட்டால்தான் செல்லும். முதல் வருடத்தின் கடைசி 30 நாளைத் தவறவிடாதீர்கள்.

முதல் பனிக்காலத்தில் சுவரில் ஆணித்தலை துருத்தும், மேல்மாடி மூலைகளில் மயிர்க்கீறல் விழும். சுவருக்குள் உள்ள மரம் காய்ந்து சுருங்குவதுதான் காரணம், பயப்பட வேண்டாம். ஜன்னலில் தண்ணீர் வடிவதற்குக் கொங்கிறீற்றின் ஈரம் பாதி, நம் சமையல் மீதி. இடியாப்பம், புட்டு அவிக்கும்போது வெளியே தள்ளும் விசிறியைப் போடுங்கள், வீட்டுக் காற்றை மாற்றும் எச்.ஆர்.வி. இயந்திரத்தை நிறுத்தாதீர்கள்.

பக்கவாட்டில் கல் பதிப்பதும் கத்தரிப் பாத்தி கட்டுவதும் நில மட்டத்துக்கு நகரசபை ஒப்புதல் வரும்வரை பொறுக்கட்டும். இரு வீட்டுக்கும் நடுவே உள்ள ஆழமில்லாத பள்ளம் மழைநீர் ஓடும் வழி. அதை மூடினால் நில மட்டத்துக்கென்று நீங்கள் கட்டிவைத்த வைப்புப் பணத்தில் ஒரு பகுதியைப் பில்டர் பிடித்துக்கொள்ளலாம், பேஸ்மன்றில் தண்ணீர் வந்தால் ரேரியனும் கைவிரிக்கும்.