ஃபோர்டு மாடல் ஏ சேஸிஸை பாக்ஸ் அடிப்பது எப்படி? ஹாட் ராட் (பழைய காரில் பெரிய எஞ்சின் பூட்டி மாற்றிய வண்டி) கட்டப் பழகுபவர்களுக்கு

1928 முதல் 1931 வரை வந்த ஃபோர்டு மாடல் ஏ காரின் சேஸிஸ் (அடிச்சட்டம்), 40 குதிரைசக்தி கொண்ட நாலு சிலிண்டர் எஞ்சினைச் சுமப்பதற்காகப் போடப்பட்டது. இருபுறமும் 'சி' வடிவ நீள இரும்புச் சட்டம் (சி சேனல், இதையே ரெயில் என்பார்கள்), இடையில் ரிவெட் அடித்த கிராஸ் மெம்பர்கள் (குறுக்குச் சட்டங்கள்), அவ்வளவுதான். மேடுபள்ள மண்ரோட்டில் அது கொஞ்சம் முறுக்கிக்கொடுப்பது அந்தக் காலத்துக்குச் சரி. அதே ரெயில் மேல் 350 கன அங்குல ஷெவர்லே வி8-ஐ உட்காரவைத்து ஆக்சிலேட்டரை மிதித்தால், சேஸிஸ் முறுக்கி, கதவு இடுக்கில் பிடிக்கும். நாளடைவில் ரிவெட் துளை ஓரத்தில் விரிசல் விடும். சி சேனலின் திறந்த பக்கத்தைத் தகடு வைத்து மூடிப் பெட்டியாக்கினால் முறுக்கத்தை எதிர்க்கும் பலம் பல மடங்கு கூடும். இதற்குத்தான் பாக்ஸிங் என்று பெயர்.

இந்த வேலையில் வெல்டிங் பார்க்க அழகாக வருவது இரண்டாம்பட்சம். ரெயில் நேராக நிற்கிறதா, சூடு எந்த வரிசையில் ஏறுகிறது என்பதுதான் முதல்.

1. சேஸிஸ் தேறுமா?

சுத்தியலால் ரெயில் நெடுகத் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று கேட்டால் இரும்பு இருக்கிறது. மந்தமாகக் கேட்டால் உள்ளே துரு தின்றிருக்கும். இடப்பக்க ரெயிலின் மேற்பரப்பில், ஃபயர்வால் (எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகடு) அருகே, சேஸிஸ் நம்பர் குத்தியிருக்கும். அந்த இடத்தில் கிரைண்டரோ மணல் வீச்சோ படவே கூடாது. டேப் ஒட்டி மூடிவிடுங்கள். வண்டியின் பதிவே அந்த நம்பரை நம்பித்தான் இருக்கிறது, அதை அழிப்பது அமெரிக்காவில் குற்றம்.

மீதி இடம் முழுக்க, குறிப்பாகச் சேனலின் உட்புறம், மணல் வீசி வெள்ளை இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். மூடிய பிறகு அந்தப் பக்கம் கை போகாது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்பதால் முகக்கவசம் கட்டாயம். எண்ணெய் துடைக்கக் குளோரின் கலந்த பிரேக் கிளீனரைத் தொடாதீர்கள். வெல்டிங் ஆர்க் பட்டால் அது பாஸ்ஜீன் என்ற கொடிய விஷவாயுவாக மாறும். அசிட்டோன் போதும், அதுவும் முழுதாகக் காய்ந்த பிறகே ஆர்க் போட வேண்டும்.

கழற்ற வேண்டிய ரிவெட்டின் தலையைக் கிரைண்டரில் சீவி, நடுவில் பஞ்ச் வைத்து, சிறிய டிரில் ஓட்டி, பிறகு அடித்து வெளியேற்றுங்கள். கேஸ் கட்டரில் ஊதினால் துளை கோணலாகும்.

2. கட்டிப்பிடிக்க மேசை

தரையில் ஜாக் ஸ்டாண்டு வைத்து பாக்ஸ் அடிப்பவர்களின் சேஸிஸ் வாழைப்பழமாகத்தான் முடியும். 2x4 அங்குல இரும்புக் குழாய் இரண்டை எடுத்துக் கால் போட்டு, ரசமட்டம் பார்த்து ஒரே மட்டத்தில் நிறுத்துங்கள். மாடல் ஏ-யின் வீல்பேஸ் 103.5 அங்குலம், முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருப்பதையும் சேர்த்து 12 அடிக் குழாய் வாங்கினால் பிரச்சினை இல்லை.

சேஸிஸை அதன்மேல் கிளாம்ப் போட்டு நிறுத்தி, நடுக்கோட்டுக்கு நூல் கட்டித் தூக்குக்குண்டு விட்டுச் சரிபாருங்கள். பிறகு மூலைவிட்டங்கள். இரு ரெயிலிலும் ஒரே மாதிரி உள்ள தொழிற்சாலைத் துளைகளிலிருந்து குறுக்காக அளக்க வேண்டும், வெட்டிய முனையிலிருந்து அல்ல. இரண்டு அளவுக்கும் 1/16 அங்குலத்துக்கு மேல் (சுமார் 1.6 மி.மீ) வித்தியாசம் இருந்தால் இப்போதே இழுத்துச் சரிசெய்யுங்கள். முறுக்கம் தெரிய, முன்னும் பின்னும் ரெயில் மேல் நேரான பட்டை வைத்து டிஜிட்டல் கோணமானியால் பாருங்கள்; இரண்டும் ஒரே எண் காட்ட வேண்டும். எல்லா அளவுகளையும் எழுதி வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

3. தகடு வெட்டுதல்

அட்டையில் அச்சு வெட்டி, அதை வைத்து மைல்டு ஸ்டீல் தகட்டில் கோடு போடுங்கள். ரோட்டில் ஓடும் நாலு சிலிண்டர் வண்டிக்கு 1/8 அங்குலம் போதும். வி8 என்றால் 3/16 அங்குலம். அதற்கு மேல் தடிமன் போவது எடையைத்தான் கூட்டும்.

தகட்டை சேனல் விளிம்போடு சமமாக வைத்து, பற்றவைத்துச் சீவி மறைப்பது ஒரு முறை. விளிம்பிலிருந்து 1/8 அங்குலம் உள்ளே தள்ளி வைத்து, மூலையில் பற்றவைத்து அப்படியே விட்டுவிடுவது இன்னொன்று. பழகுபவர்கள் இரண்டாவதையே செய்யுங்கள். சீவும்போது போட்ட வெல்டில் பாதியைக் கிரைண்டர் தின்றுவிடும் என்ற பயம் அதில் இல்லை. தகட்டைச் சுத்தியால் அடித்து உள்ளே செருகாதீர்கள், சேனல் விரிந்துவிடும்.

மூடுவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். பாடி போல்ட், பிரேக் லைன் கிளிப், படிப்பலகைத் தாங்கி ஆகியவற்றுக்கு உள்ளே நட்டு வேண்டுமா? இப்போதே பற்றவையுங்கள். பெட்டியைக் குறுக்கே துளைத்துப் போகும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு குழாய்த்துண்டை உள்ளே வைத்து இருபக்கமும் வெல்டு அடியுங்கள். இல்லாவிட்டால் போல்ட்டை இறுக்க இறுக்க ரெயிலின் சுவர்தான் நசுங்கும். தாழ்வான இடங்களில் அரை அங்குல வடிகால் துளையும் வேண்டும்.

4. வெல்டிங்

220 வோல்ட் மிக் மெஷின் (கம்பியும் காப்பு வாயுவும் தானாக வரும் வெல்டர்), 0.9 மி.மீ ஈஆர்70எஸ்-6 ரக வெல்டிங் கம்பி, 75 பங்கு ஆர்கானும் 25 பங்கு கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு, நிமிடத்துக்கு 12 முதல் 14 லிட்டர். அமெரிக்க வீடுகளில் ஓடும் 110 வோல்ட் மெஷின் 3/16 தகட்டில் மேலோட்டமாகத்தான் பிடிக்கும். முதலில் அதே தடிமன் கழிவுத் தகட்டில் ஒரு மூலை வெல்டு போட்டு, வைஸில் கவ்வி அடித்து மடக்கிப் பாருங்கள். வெல்டு அப்படியே உரிந்து வந்தால் சூடு போதவில்லை.

மூன்று அங்குலத்துக்கு ஒரு டேக் (சிறு புள்ளி வெல்டு). இரண்டு ரெயிலிலும் எல்லாத் தகடுகளையும் டேக் போட்டு முடித்து, ரெயில்களுக்கு இடையே தற்காலிகமாக ஆங்கிள் துண்டுகளையும் டேக் போட்டுவிட்டு, மறுபடி அளந்த பிறகே முழு வெல்டு.

ஒரு நேரத்தில் ஒன்றரை அங்குலம்தான். இடது ரெயில் முன்பக்கம் மேலே ஒன்று, வலது ரெயில் பின்பக்கம் கீழே அடுத்தது, பிறகு நடுப்பகுதி என்று தாவிக்கொண்டே இருங்கள். வெறுங்கை வைக்கிற அளவு ஆறாத இடத்துக்குத் திரும்பக் கூடாது. காரணம் எளிது: உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும், இங்கே வெல்டு எல்லாம் ரெயிலின் உட்பக்கத்தில்தான். ஒரே மூச்சில் போட்டால் உட்பக்கம் சுருங்கி, ரெயிலின் முனைகள் உள்நோக்கி வளைந்து, நடு வெளியே பிதுங்கும். தண்ணீர் ஊற்றி ஆறவைத்தால் சுருக்கம் இன்னும் தாறுமாறாகும். பழைய சேனல் தகட்டைவிட மெல்லியதாக இருந்தால் ஆர்க்கைத் தகட்டின் பக்கமே அதிகம் காட்டுங்கள். விளிம்பில் நின்றால் ஓட்டை விழும், இல்லையேல் ஓரம் அரிந்து பள்ளமாகும். அந்தப் பள்ளத்தில்தான் பின்னாளில் விரிசல் தொடங்கும்.

வெல்டில் ஊசித்துளைகள் தெரிந்தால் ஃபேனை அணையுங்கள், வாயு பறந்துபோகிறது. ஃபேன் இல்லையென்றால் துரு மிச்சமிருக்கிறது. மேலே இன்னொரு சுற்று போட்டு மறைக்காமல், சீவி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

5. கிராஸ் மெம்பர்கள்

கிளாம்ப்பை ஒரு ராத்திரி கழித்துத்தான் கழற்ற வேண்டும். பழைய அளவுகளோடு ஒப்பிட்டுச் சரியாக இருந்தால் கிராஸ் மெம்பருக்குப் போகலாம். பழைய ரிவெட் துளைகள் வழியாக வெல்டு நிரப்பினால் அதுவே ரிவெட் மாதிரி பிடிக்கும். ஓரங்களையும் சேர்த்துப் பற்றவையுங்கள். முன் ஆக்ஸில் ஒற்றைத் தண்டு என்பதால் கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு மேல்முனையில் பின்னோக்கிச் சாயும் கோணம்) 5 முதல் 7 டிகிரி வருமாறு முன் மெம்பரை வைக்க வேண்டும். குறைந்தால் வேகத்தில் ஸ்டியரிங் அலையும். கியர்பாக்ஸ் மெம்பர் போல்ட்டில் கழலக்கூடியதாக இருக்கட்டும். எஞ்சினை பின்பக்கம் 3 டிகிரி தாழ்த்தி, பின் ஆக்ஸில் பினியனை (புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் பல்சக்கரத் தண்டு) 3 டிகிரி மேல்நோக்கி வைத்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதிராது. வண்டி தன் எடையில் நிற்கும் உயரத்தில் அளந்தால்தான் இந்தக் கணக்கு சரிவரும்.

ரெயிலை அறுத்து 'இசட்' வடிவில் உயர்த்தி வண்டியைத் தாழ்த்தும் ஆசை பலருக்கும் வரும். முதல் சேஸிஸில் வேண்டாம்.

ஸ்டியரிங் பாக்ஸ் தாங்கி, ஸ்பிரிங் மெம்பர், எஞ்சின் மவுண்ட் ஆகிய வெல்டுகளுக்கு டை பெனிட்ரன்ட் சோதனை செய்யாமல் பெயின்ட் அடிக்காதீர்கள். சிவப்புச் சாயத்தைத் தெளித்து, டப்பாவில் சொன்ன நேரம் ஊறவிட்டுத் துடைத்து, மேலே வெள்ளை டெவலப்பர் அடித்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூட வெள்ளையில் சிவப்புக் கோடாக எழும். கோடு வந்தால் அந்த இடத்தை முழுதாகச் சீவி மறுபடி பற்றவையுங்கள். பிறகு பிரைமர், பெயின்ட். கடைசியாக வடிகால் துளைகள் வழியே நீளக்குழாய் விட்டு உள்ளே துரு தடுக்கும் கேவிட்டி மெழுகைப் பீய்ச்சிவிடுங்கள்.