ரிப்போர்ட்டில் ஒரு ஸ்டார்: நெட்டில் நோய் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரத்தப் பரிசோதனை லேப்பில் எனக்கு இது பத்தொன்பதாவது வருடம். காலை ஆறரைக்கு ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் இரண்டு மூன்று பேர் நிற்பார்கள். அவர்களில் யார் டாக்டர் சீட்டோடு வந்தவர், யார் ராத்திரி முழுக்க போனில் தேடிவிட்டு வந்தவர் என்பது பார்த்ததுமே தெரிந்துவிடும். இரண்டாம் வகை ஆள் கையை நீட்டுவதற்கு முன்பே “ரிசல்ட் எப்ப வரும்?” என்று கேட்பார். ஊசி குத்துவதைப் பற்றி அவருக்குக் கவலையே இருக்காது.

எனக்கு அவர்களை அடையாளம் தெரியக் காரணம், 2014இல் நானும் அந்த வகைதான்.

“நெட்டில் பார்க்காதீர்கள்”, “மெடிக்கலில் கேட்டு மாத்திரை போடாதீர்கள்” என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் பார்க்கத்தான் செய்வோம். பார்க்கிறவர்கள் எங்கே வழுக்கி விழுகிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நோயின் பெயரையும் சேர்த்துத் தேடுவது

“தலைவலி” என்று தேடுவது ஒன்று. “தலைவலி மூளைக்கட்டி அறிகுறியா” என்று தேடுவது வேறு. பதிலை நீங்களே வாயில் ஊட்டிவிட்டுக் கேள்வி கேட்கிறீர்கள். அப்புறம் வருகிற பத்துப் பக்கத்திலும் மூளைக்கட்டிதான் இருக்கும்.

நோயின் பெயரைச் சேர்க்காவிட்டாலும் முழுதாகத் தப்பிக்க முடியாது. 2008இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ரையன் வைட், எரிக் ஹார்விட்ஸ் இருவரும் இதைத்தான் ஆராய்ந்தார்கள். சும்மா தலைவலி என்று தேடினாலே மூளைக்கட்டி வந்து நிற்கிறது. அந்த நோய் நிஜத்தில் எவ்வளவு அபூர்வமோ அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவுக்கு. தூக்கம் கெட்டதாலும், காலைக் காபி தவறியதாலும், கண்ணாடி பவர் மாறியதாலும் வருகிற தலைவலிதான் ஊரில் அதிகம். அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக யார் எழுதுவார்கள், எழுதினால் யார் படிப்பார்கள்?

தொட்டுத் தொட்டுப் பார்ப்பது

சளி பிடித்துத் தொண்டை புண்ணானால் கழுத்தில் நெறி கட்டும். தொண்டை ஆறிய பிறகும் சில வாரம் கைக்குத் தட்டுப்படும். எங்கள் தெரு செல்போன் கடைப் பையன் அதை ஒரு நாளைக்கு நாற்பது தடவை அழுத்திப் பார்த்தான். அழுத்த அழுத்த வலித்தது. வலிக்கிறதே என்று மறுபடி தேடினான். வீட்டில் பிபி மெஷின் வைத்துக்கொண்டு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பட்டையைச் சுற்றுகிறவர்களுக்கும் இதே கதைதான். பயத்தில் ஏறுகிற பிபியைப் பார்த்துப் பயம் இன்னும் ஏறும்.

ராத்திரியில் தேடுவது

போனை ஹாலில் சார்ஜ் போடுங்கள்.

டாக்டர் கேட்காத டெஸ்டை எடுப்பது

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். (எங்கள் முதலாளி இதைப் படிக்காமல் இருக்க வேண்டும். பேக்கேஜ் டெஸ்டில்தான் லேப்புக்கு வரும்படி.)

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2014 ஆகஸ்டில் என் வலது கெண்டைக்காலில் சதை துடிக்க ஆரம்பித்தது. வலி இல்லை, உள்ளே புழு நெளிவதுபோலத் துடிப்பு மட்டும்தான். தேடினேன். ஏ.எல்.எஸ். என்று வந்தது. நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்து, கடைசியில் மூச்சுவிடும் தசையும் நிற்கிற நோய். உலகம் முழுக்க பிரபலங்கள் ஐஸ் தண்ணியைத் தலையில் கொட்டிக்கொண்டு அந்த நோய்க்கு நிதி திரட்டிய நேரம் அது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே பேச்சு. எனக்கென்றே யாரோ விளம்பரம் செய்வதுபோல இருந்தது.

டாக்டரிடம் போக பயம். லேப் என் கையில் இருக்கிறதே, நானே என் ரத்தத்தை எடுத்து சி.பி.கே. பார்த்தேன். தசை அடிபட்டால் ஏறுகிற என்சைம் அது. 310 வந்தது. எங்கள் ரிப்போர்ட்டில் மேல் எல்லை 190. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு கேஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்கியிருந்தேன் என்பது அப்போது நினைவுக்கு வரவே இல்லை. கடினமான வேலை செய்தால் சி.பி.கே. சில நாள் ஏறி நிற்கும் என்பது எனக்குப் பாடத்தில் வந்ததுதான். பயம் வந்தால் படித்தது எதுவும் கூட வராது.

அடுத்து, தொழில் பழக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் சொல்லிவைத்து மூளையிலிருந்து இடுப்பு வரை எம்.ஆர்.ஐ. எடுத்தேன். “டிஸ்க் பல்ஜ்” என்று எழுதிக் கொடுத்தார்கள், அதாவது முதுகெலும்புக்கு நடுவில் இருக்கிற வட்டு கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது என்று. இடுப்பு வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு ஸ்கேன் எடுத்தால் டிஸ்க் பல்ஜ் தெரியும் என்பதை ரொம்பப் பிற்பாடு படித்தேன். அன்றைக்கு அது இரண்டாவது நோயாகச் சேர்ந்துகொண்டது. மகள் காதுகுத்துக்கு வைத்திருந்த சீட்டுப் பணத்தில் 28,000 ரூபாய் போனது.

கடைசியில்தான் நரம்பு டாக்டரிடம் போனேன். அவர் என் ஃபைலைத் திறக்கவில்லை. குதிகாலால் நடக்கச் சொன்னார். நுனிக்காலில் நடக்கச் சொன்னார். கெண்டைக்காலைப் பிடித்துப் பார்த்தார். “பலம் குறையல, சதை இளைக்கல. தினம் எத்தனை டீ குடிக்கிறீங்க?”

“ஏழு சார்.”

“தூக்கம்?”

நான் பதில் சொல்லவில்லை. டீயைக் குறைத்தேன், ஒரு மாதத்தில் துடிப்பு நின்றது. காதுகுத்து ஆறு மாதம் தள்ளிப்போனது.

இப்போது ரிப்போர்ட் விஷயத்துக்கு வருகிறேன். நார்மல் வேல்யூ என்று பக்கத்தில் அச்சடிக்கிறோமே, அது எப்படி வருகிறது? ஆரோக்கியமான ஆட்கள் பலரின் ரத்தத்தை அளந்து, மேலே இரண்டரை சதவீதம், கீழே இரண்டரை சதவீதம் ஒதுக்கிவிட்டு, நடுவில் நிற்கிற 95 சதவீதத்தை நார்மல் என்கிறோம். சர்க்கரை, கொலஸ்ட்ரால் போன்ற சிலவற்றுக்குக் கணக்கு வேறு. மற்றபடி பெரும்பாலான டெஸ்டுக்கு இதுதான். அந்த எல்லைக்கு வெளியே போன அளவுக்குப் பக்கத்தில் ரிப்போர்ட்டில் ஒரு ஸ்டார் போடுவோம். அப்படியானால் எந்த நோயும் இல்லாத நூறு பேரில் ஐந்து பேருக்கு ஸ்டார் விழத்தான் வேண்டும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இருபது டெஸ்டை ஒரே ஆளுக்கு எடுத்தால், ஒன்றிலாவது ஸ்டார் விழ 64 சதவீத வாய்ப்பு. பேக்கேஜில் எழுபது எண்பது அளவுகள் இருக்கும். சுத்தமான ரிப்போர்ட் வந்தால்தான் நான் ஆச்சரியப்படுவேன்.

அது போக, சாம்பிள் எடுக்கும் விதத்திலேயே ஸ்டார் விழும். கையில் பட்டையை இறுக்கிக் கட்டி, முஷ்டியை மடக்கி மடக்கி விரிக்கச் சொன்னால் பொட்டாசியம் ஏறும். முடி கொட்டாமல் இருக்க பயோட்டின் மாத்திரை போடுகிறவர்களுக்குச் சில மெஷின்களில் தைராய்டு அளவு தப்பாக வரும். கேன்சர் மார்க்கர் என்று பெயர் வைத்த சி.ஏ.125 மாதவிலக்கு நாளில்கூட ஏறும். இன்னொரு கேன்சர் மார்க்கரான சி.இ.ஏ. சிகரெட் பிடிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். இதெல்லாம் டாக்டர் கேட்டு எடுத்தால் உதவுகிற டெஸ்ட்கள். கேள்வியே இல்லாமல் பதிலை வாங்கிவந்தால், அந்தப் பதிலுக்கு ஏற்ற நோயை நெட் கொடுத்துவிடும்.

போன வருடம் ஒரு பையன், வயது இருபத்தேழு, ஐ.டி. வேலை. வயிறு உப்புசம் என்று தேடிவிட்டு, பெரிய பேக்கேஜாகப் போட்டான். மஞ்சள் காமாலையில் ஏறுகிற பிலிருபின் 1.9, போல்ட் எழுத்தில். அன்றைக்கே கணையக் கேன்சர் வரை படித்துவிட்டான். ஸ்கேன், மறுபடி டெஸ்ட், இன்னொரு லேப்பில் அதே டெஸ்ட். வயிற்று டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: “எத்தனை மணி நேரம் பட்டினி கிடந்து ரத்தம் கொடுத்தே?” எவ்வளவு நேரம் பட்டினியோ அவ்வளவு சுத்தமான ரிசல்ட் என்று நினைத்து முந்தின மத்தியானத்திலிருந்தே சாப்பிடாமல் வந்திருக்கிறான். கில்பர்ட் சிண்ட்ரோம் என்று ஒரு பிறவி அமைப்பு உண்டு. கல்லீரல் நன்றாகவே இருக்கும். பட்டினி கிடந்தால் பிலிருபின் மட்டும் கொஞ்சம் ஏறும். அதற்கு மருந்தே தேவையில்லை.

டாக்டரை மாற்றிக்கொண்டே போவது

முதல் டாக்டர் சொன்னதை மறைத்துவிட்டு இரண்டாவது ஆளிடம் போனால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒரே டாக்டர், ஒரே ஃபைல்.

“எல்லாம் பயம்தான்” என்று ஒதுக்கிவிடுவது

ஒரு தடவை சூடு பட்டவர்கள் எதிர்ப்பக்கம் சாய்வார்கள். வியர்வையோடு நெஞ்சு அழுத்தம், வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் திடீரென விழுவது: இதற்கெல்லாம் தேடவும் வேண்டாம், யோசிக்கவும் வேண்டாம், 108.

எல்லா டெஸ்டும் முடிந்து, டாக்டரும் ஒன்றுமில்லை என்று சொல்லி, அப்புறமும் மாதக்கணக்கில் மனசு அடங்கவில்லை என்றால், அந்தப் பயமே கவனிக்க வேண்டிய நோய். பேச்சு சிகிச்சையும் உண்டு, மாத்திரையும் உண்டு. டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், இலவசம். நான் அப்படி யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் சீட்டுப் பணம் மிஞ்சியிருக்கும்.

அந்த ஐ.டி. பையன் போன வாரம் மறுபடி வந்தான். “அண்ணே, பிலிருபின் மட்டும் ஒரே ஒரு தடவை பார்த்துடலாமா?”

“நேத்து கடைசியா எப்ப சாப்பிட்டே?”

“மத்தியானம் ரெண்டு மணிக்குண்ணே.”

கடிகாரத்தில் ஏழு. பட்டையைச் சுருட்டி டிராயருக்குள் போட்டுவிட்டு, எதிர்க்கடையில் பொங்கல் சூடாக இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன். அரை மணி கழித்துக் கடைக்காரர் குரல் கொடுத்தார்: ரெண்டு பொங்கல், மூணு வடை, என் கணக்கில்.