பெரிய பாக்கெட் மட்டும் போய்ச் சேரவில்லையா? பாதையின் எம்டியூவை அளக்கும் முறை

விபிஎன் இணைகிறது, எஸ்எஸ்ஹெச்சில் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் வழி) லாகினும் ஆகிறது. நீளமான கோப்புப் பட்டியல் ஒன்றைக் கேட்டதும் திரை உறைகிறது. சிறிய பாக்கெட் (வலையில் போகும் தரவுத் துண்டு) போய், பெரியது வழியில் விழுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. டிஎன்எஸ்ஸை நோண்டுவதற்கு முன் எம்டியூவை, அதாவது துண்டாக்காமல் போகக்கூடிய மிகப் பெரிய பாக்கெட்டின் அளவை, அளந்துவிடுங்கள்.

முதலில் சாதாரண பிங்குக்குப் பதில் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அந்த சர்வர் இந்தச் சோதனைக்கு உதவாது. வந்தால், துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1472 பைட் அனுப்புங்கள். விண்டோஸில் பிங் -எஃப் -எல் 1472. லினக்ஸில் -எம் டூ -எஸ் 1472. மேக்கில் -டி -எஸ் 1472. லினக்ஸின் எம், மேக்கின் டி இரண்டும் பெரிய எழுத்து. ஐபி தலைப்பு 20, ஐசிஎம்பி (பிங்கும் பிழைச் செய்திகளும் போகும் நெறிமுறை) தலைப்பு 8 சேர்ந்தால் ஈதர்நெட்டின் 1500 ஆகிவிடும். ஐபிவி6-இல் தலைப்பே 40 என்பதால் 1452-இல் தொடங்க வேண்டும்.

போகவில்லையா? 1372 போட்டுப் பாருங்கள். அது போனால் 1422 என்று இடைவெளியைப் பாதி பாதியாகக் குறையுங்கள். ஏழெட்டு முறையில் எல்லை தெரிந்துவிடும். ஒரே அளவை நாலைந்து தடவை அனுப்பிய பிறகே முடிவுக்கு வாருங்கள், தற்செயலாகத் தொலையும் பாக்கெட்டும் உண்டு. போன அளவுகளில் பெரியதுடன் 28 (ஐபிவி6-இல் 48) கூட்டினால் எம்டியூ. 1464 வந்தால் 1492, பெரும்பாலும் பிபிபிஓஈ (பிராட்பேண்ட் இணைப்பில் பயன்படும் நெறிமுறை) தின்ற 8 பைட்தான். இது போகும் திசைக்கான கணக்கு மட்டும். திரும்பும் பாதை வேறாக இருக்கலாம், முடிந்தால் மறுமுனையிலிருந்தும் அளக்க வேண்டும்.

தோல்வி எப்படி வருகிறது என்பதைக் கவனியுங்கள். உங்கள் கணினியே மறுத்தால் அதன் இடைமுகத்தின் எம்டியூதான் குறைவு. நடுவிலுள்ள ரவுட்டர் தன் எம்டியூ எண்ணோடு பதில் சொன்னால் 1990-இல் ஆர்எஃப்சி 1191 வகுத்த முறை ஒழுங்காக வேலை செய்கிறது. சத்தமே இல்லையென்றால் பெரும்பாலும் யாரோ ஃபயர்வாலில் அந்த ஐசிஎம்பி பிழைச் செய்தியை அடைத்திருக்கிறார்கள். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்யும் இந்த வேலைதான் பாதித் தொல்லைக்குக் காரணம். ஃபயர்வால் உங்கள் கையில் இருந்தால் ஐசிஎம்பி வகை 3 குறியீடு 4-ஐயும், ஐபிவி6-க்கு வகை 2-ஐயும் திறந்துவிடுங்கள். ஐபிவி6 ரவுட்டர்கள் பாக்கெட்டைத் துண்டாக்குவதே இல்லை, அங்கே அந்தச் செய்தி வராவிட்டால் அனுப்பியவருக்கு விஷயமே தெரியாது.

திறக்க வழியில்லாவிட்டால் ரவுட்டரில் எம்எஸ்எஸ்ஸைக் (ஒரு டிசிபி பாக்கெட்டில் தலைப்பு போக மிஞ்சும் தரவின் உச்ச அளவு) கட்டுப்படுத்துங்கள்: எம்டியூவில் 40 கழித்து, அதாவது 1492-க்கு 1452, ஐபிவி6-க்கு 1432. இது டிசிபிக்கு மட்டுமே உதவும். விபிஎன் என்றால் டனல் இடைமுகத்தின் எம்டியூவையே குறைப்பது நல்லது. வயர்கார்டு என்ற விபிஎன் வழக்கமாக 1420 வைத்துக்கொள்ளும். அது வெளிப்பாதை 1500 என்ற கணக்கில் வந்தது. வெளிப்பாதை 1492 என்றால் 1412 போடுங்கள். உள்ளே ஐபிவி6 ஓடினால் 1280-க்குக் கீழே இறங்கக் கூடாது.

மாற்றியதும் பழைய எண்ணே தெரிந்தால் பதற வேண்டாம்: கற்ற எம்டியூவை லினக்ஸ் 10 நிமிடம் நினைவில் வைத்திருக்கும்.