ஆஷ் மரத்துக்கு மரங்கொத்தி தரும் முன்னறிவிப்பு

வட அமெரிக்காவில் தோட்டத்தில் ஆஷ் மரம் வைத்திருப்பவர்கள், இலையுதிர்ந்த குளிர்காலத்தில் மேற்கிளைகளை அண்ணாந்து பார்த்து, மரங்கொத்தி பட்டையைச் சீவியெடுத்த வெளிறிய திட்டுகள் உள்ளனவா எனக் கவனிக்க வேண்டும். 2002ஆம் ஆண்டு டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்ட மரகதப் பச்சை நிறத் துளைப்பான் வண்டு பெரும்பாலும் உச்சிப் பகுதியையே முதலில் தாக்குவதால், அதன் புழுக்கள் பட்டைக்கடியில் நெளிநெளியாக அரித்துச் செல்வது கீழே நிற்பவருக்குத் தெரிவதில்லை. இரை தேடும் மரங்கொத்திக்கோ தெரிந்துவிடுகிறது. அடிமரத்தில் வண்டு வெளியேறிய, ஆங்கில 'D' எழுத்து வடிவத்தில், 3 முதல் 4 மில்லிமீட்டர் அகலமுள்ள துளைகள் தென்படும்வரை காத்திருந்தால், பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். தழைப்பில் பாதிக்குமேல் பட்டுப்போன மரத்துக்கு, வண்டைக் கொல்ல மரத்தில் செலுத்தும் ஊசிமருந்துச் செலவு வீண். மவுண்டன் ஆஷ் பெயரளவில்தான் ஆஷ் என்பதால், அதற்கு இந்தக் கவலையே வேண்டாம்.