'தௌ', 'தீ', 'ஹிதர்', 'வென்ஸ்': பழங்கால ஆங்கிலத்தைத் தமிழ் வழியாகப் பிடிப்பது எப்படி?

1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளையோ ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றையோ எடுத்தால் முதல் பக்கத்திலேயே தலை சுற்றுகிறதா? வரிக்கு வரி அகராதியைப் புரட்டிச் சலித்த பிறகு எனக்குப் பிடிபட்ட வழி இது. அந்த ஆங்கிலத்தை இன்றைய ஆங்கிலத்துக்கு மாற்றி, அதிலிருந்து தமிழுக்கு வராதீர்கள். நேராகத் தமிழுக்கே வந்துவிடுங்கள். இன்றைய ஆங்கிலம் கைவிட்ட சில ஏற்பாடுகள் நம்மிடம் அப்படியே இருக்கின்றன.

படி 1: நீயும் நீங்களும்

'தௌ' என்றால் நீ. 'தீ' என்றால் உன்னை, உனக்கு. 'தை' என்றால் உன். 'தைன்' என்றால் உன்னுடையது. ஆனால் உயிரொலியில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் வந்தால் வெறும் 'உன்'தான். 'யீ' என்றால் நீங்கள், 'யூ' என்றால் உங்களை.

வினைச்சொல்லின் வாலும் மாறும். 'தௌ' வந்தால் 'எஸ்ட்', 'ஹீ' வந்தால் 'எத்'. 'தௌ கோயஸ்ட்' என்பது நீ போகிறாய், 'ஹீ கோயத்' என்பது அவன் போகிறான். ஆய், ஆன் போட்டுப் பேசுகிற நமக்கு இது ஒரு பெரிய விஷயமே இல்லை. 'தௌ ஆர்ட்' என்றால் 'நீ இருக்கிறாய்'. ஓவியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எந்த நூலைப் படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து 'தௌ'வின் வேலை மாறும். ஷேக்ஸ்பியரிடம் அது உறவையும் அந்தஸ்தையும் காட்டும். நெருக்கமானவர், வேலைக்காரர், எதிரி எல்லோருக்கும் 'தௌ'. மரியாதை வேண்டிய ஒருவருக்கு 'யூ'. அதனால் ஒரே காட்சியில் ஒருவர் 'யூ'விலிருந்து 'தௌ'வுக்கு இறங்கினால் அங்கே நின்று பாருங்கள், ஏதோ நடந்திருக்கிறது. 1603-இல் புகழ்பெற்ற ஆங்கிலேயக் கடலோடி வால்டர் ராலேயின் தேசத்துரோக வழக்கில் அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக், 'உன்னை நீ என்றுதான் சொல்வேன், துரோகி' என்கிற பொருளில் சீறினார். நம் ஊரில் பெரிய மனிதரைப் பார்த்துத் திடீரென்று 'டேய்' போட்டால் எப்படி இருக்கும், அப்படித்தான்.

ஜேம்ஸ் மன்னர் பைபிளில் இந்த மரியாதைக் கணக்கே கிடையாது. ஒருவர் என்றால் 'தௌ', பலர் என்றால் 'யீ', அவ்வளவுதான். லூக்கா 22-ஆம் அதிகாரத்தில் இயேசு பேதுருவிடம் பேசுகிறார். சாத்தான் 'யூ'வைப் புடைக்கக் கேட்டான், நான் 'தீ'க்காக வேண்டிக்கொண்டேன் என்கிறார். சீடர்கள் எல்லோரையும் புடைக்கக் கேட்டான். வேண்டுதல் பேதுரு ஒருவனுக்காக. தமிழ் பைபிளில் 'உங்களை', 'உனக்காக' என்று இது தெளிவாக இருக்கும். இரண்டு இடத்திலும் 'யூ' போடுகிற இன்றைய ஆங்கிலத்தில் தானாகத் தெரியாது.

படி 2: இ, அ, எ

'ஹியர்', 'தேர்', 'வேர்' என்பவை இங்கே, அங்கே, எங்கே. சுட்டெழுத்தும் வினாவெழுத்தும் போல முதல் ஒலி வேலை செய்கிறது. அதே மூன்று ஒலிகளை வைத்து 'ஹிதர்', 'திதர்', 'விதர்' என்றால் இங்கு நோக்கி, அங்கு நோக்கி, எங்கு நோக்கி. 'ஹென்ஸ்', 'தென்ஸ்', 'வென்ஸ்' என்றால் இங்கிருந்து, அங்கிருந்து, எங்கிருந்து. இனி ஆறு சொல்லை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

'தேர்ஃபோர்' அதனால் என்றால், 'வேர்ஃபோர்' எதனால். மாடத்தில் நிற்கும் ஜூலியட் ரோமியோ எங்கே என்று தேடவில்லை. பகைக் குடும்பத்து ரோமியோவாக நீ ஏன் இருக்கிறாய் என்று நொந்துகொள்கிறாள்.

படி 3: தெரிந்த முகங்கள்

தெரியாத சொல் ஆபத்தில்லை, அகராதியைப் பார்த்துவிடுவோம். தெரிந்த சொல்தான் காலை வாரும். 'சஃபர்' என்பது துன்பப்படு மட்டுமல்ல, இடங்கொடு என்றும் பொருள். சிறுபிள்ளைகளை என்னிடம் வர 'சஃபர்' செய்யுங்கள் என்பது அந்தப் பொருளில்தான். 23-ஆம் சங்கீதத்தின் 'வான்ட்' ஆசைப்படுவது அல்ல, குறைவுபடுவது. தமிழில் 'தாழ்ச்சியடையேன்' என்று சரியாக இருக்கிறது. 'குவிக்' உயிருள்ளவர், 'மீட்' இறைச்சி மட்டுமல்ல, பொதுவாக உணவு. 'பிரசென்ட்லி' பெரும்பாலும் 'உடனே'.

எனக்குப் பிடித்தது 'லெட்'. விடு என்கிற பொருள் அன்றும் உண்டு. கூடவே 'தடு' என்கிற நேர்மாறான பொருளும் இருந்தது. உங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள். குடியரசுத் தலைவர் பெயரால் அச்சிட்ட வேண்டுகோளில், இவரை 'லெட்'டும் இடையூறும் இன்றிப் போகவிடுங்கள் என்று இருக்கும். டென்னிஸில் சர்வ் போடும்போது பந்து வலையை உரசினால் சொல்லும் 'லெட்'டும் இதுதான்.

ஆகவே என் விதி: வாக்கியம் இடிக்கிறது என்றால் கடினமான சொல்லை விட்டுவிட்டு எளிதான சொல்லைச் சந்தேகப்படுங்கள்.

எந்த அகராதி?

போனில் இருக்கிற சாதாரண அகராதி இதற்கு உதவாது, இன்றைய பொருளைத்தான் முதலில் நீட்டும். நான் முதலில் திறப்பது சாமுவேல் ஜான்சனின் 1755 அகராதியை. இணையத்தில் இலவசம், ஷேக்ஸ்பியர் வரிகளையே உதாரணமாகத் தரும். அதில் தீராவிட்டால் ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதி. அதில் குறுவாள் குறி (†) இருந்தால் அந்தச் சொல்லோ பொருளோ வழக்கொழிந்தது. அமெரிக்க அகராதியான மெரியம் வெப்ஸ்டரில் 'அப்சலீட்' என்று போட்டிருந்தால் 1755-க்குப் பிறகு புழங்கியதற்குச் சான்றில்லை என்று கணக்கு.

பின்சேர்க்கை: கடவுளையே 'தௌ' என்பதால் அது மரியாதைச் சொல்தானே என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை, அது 'நீ'தான். தமிழ் ஜெபத்தில் 'உம்முடைய நாமம்' என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இந்தக் குழப்பம் வரும். முருகனை 'நீ' என்று பாடுகிறவர்களுக்கு வராது.

இன்னொன்று: கடைப் பலகைகளில் வரும் 'யீ ஓல்ட்' என்பதில் உள்ளது படி 1-இன் 'யீ' இல்லை. 'த' ஒலிக்கு ஆங்கிலத்தில் தோர்ன் என்று தனி எழுத்து இருந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த அச்செழுத்துகளில் அது இல்லாததால், பார்க்க ஏறக்குறைய அதேபோல் இருந்த ஒய்யைப் போட்டார்கள். எழுத்து ஒய், வாசிப்பு 'தி'.