மீட்டெடுத்த நாயை அவிழ்த்துவிட இடம் தேடுபவர்கள் செய்யும் தவறுகள்

தெருவிலிருந்தோ காப்பகத்திலிருந்தோ எடுத்து வந்த நாயை வளர்ப்பவர்களுக்கு, அதைக் கயிறில்லாமல் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை சில நாள்களிலேயே வந்துவிடுகிறது. காரைக்குடியைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் கண்மாய், பொட்டல், அறுவடை முடிந்த வயல் என்று வெளிக்குக் குறைவில்லை. ஆகவே இடம் தேடுவது தனியாக ஒரு வேலை என்றே பலருக்குத் தோன்றுவதில்லை. நானும் திறந்து கிடக்கும் இடமெல்லாம் நாய்க்கு ஏற்ற இடம் என்று நம்பியிருந்தேன்.

எங்கள் நாய் செவலை வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம், சித்திரை மாதத்தில் வற்றிக் கிடந்த கண்மாயின் உள்வாயில் அவளை அவிழ்த்துவிட்டோம். ஒரு மயில் அகவியதுதான் தாமதம், சீமைக்கருவேலங்காட்டுக்குள் பாய்ந்து மறைந்துவிட்டாள். வீட்டுக்குள் பெயர் சொன்னவுடன் ஓடி வந்தவள், வெளியில் நாங்கள் எவ்வளவு கத்தியும் திரும்பவில்லை. மறுநாள் விடியற்காலையில் ஊருணிப் படிக்கட்டில், முன்னங்காலில் முள் தைத்த நிலையில் அவளைக் கண்டோம். அன்று செய்த பிழையை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அடுக்களையில் கூப்பிட்டால் வருவதும், மயிலோ ஆடோ கண்ணில் படும்போது கூப்பிட்டால் வருவதும் ஒன்றல்ல. இரண்டாவது பழக்கத்துக்குப் பல மாதங்கள் ஆகலாம். அதுவரை மார்புப் பட்டையில் கோத்த முப்பது அடி நீளக் கயிறே போதும். அந்தக் கயிற்றைக் கழுத்துப்பட்டையில் கட்டக் கூடாது. ஓடும் வேகத்தில் கயிறு இழுத்து நிறுத்தினால் கழுத்து எலும்பும் குரல்வளையும் காயப்படும்.

கண்மாயைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனெனில் எல்லாரும் முதலில் தேர்ந்தெடுப்பது அதைத்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறையும் கண்மாய், வற்றிய பிறகு சமதளமாகத் தெரிந்தாலும், மண் அள்ளிய குழிகளும் அடியில் ஈரம் காயாத சேறும் அதற்குள் மறைந்திருக்கும். கரைக்கு அப்பால் புன்செய்க் காடுகளில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் இருக்கலாம்; முயலைத் துரத்தும் நாய் அவற்றைக் கவனிப்பதில்லை. காட்டுப்பன்றிக்காகச் சிலர் வைக்கும் மின்கம்பியும் நஞ்சு கலந்த இரையும் கூட உயிரைப் பறிக்கும். அறுவடைக்குப் பின் வயல்களில் ஆட்டுக்கிடை போட்டிருந்தால் அந்தப் பக்கமே போகாதிருப்பது நல்லது. கன்னி, சிப்பிப்பாறை போன்ற வேட்டை நாய்களின் சாயலுள்ள நாய், ஓடும் ஆட்டைக் கண்டால் துரத்தத்தான் செய்யும். ஒரு குட்டி செத்தாலும் அது அந்தக் கிடையை மேய்க்கும் கீதாரியின் பிழைப்பில் விழும் அடி. மயிலோ 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படும் பறவை. நாய் அதைக் கடித்தால் வளர்ப்பவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

திருப்பத்தூருக்கு அருகிலுள்ள வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தின் கரைகள் அமைதியாக இருப்பதைப் பார்த்து, அங்கே நாயை ஓடவிடலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். பறவைகள் கலையக் கூடாது என்பதற்காகத் தீபாவளிக்குக் கூட வெடி வெடிக்காத மக்கள் வாழும் இடம் அது. அங்கே நாயைக் கட்டவிழ்த்துவிடுவது எந்த வகையிலும் நியாயமாகாது.

அப்படியானால் எங்கேதான் விடுவது? எனக்குத் தெரிந்தவரை செட்டிநாட்டில் இதற்கு மிகப் பொருத்தமானவை மதில் சூழ்ந்த தோட்டங்களும் பெரிய வீடுகளின் பின்புறக் காலியிடங்களும்தான். உரிமையாளர் வெளியூரில் இருந்தால், வீட்டைப் பார்த்துக்கொள்பவர் வழியாகக் கேட்டு அனுமதி பெறலாம். ஆனால் இங்கேயும் ஒரு தவறு நடக்கிறது. நம் வீடுகள் பல ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. முகப்புக் கதவைத் தாழிட்டுவிட்டு நிம்மதியாக நிற்கும்போது, பின்கட்டின் கதவு வேலைக்காரருக்காகத் திறந்தே இருக்கும். எனவே நாயை அழைத்துச் செல்வதற்கு முன் நீங்கள் தனியாக ஒருமுறை மதிலை முழுவதும் சுற்றி வாருங்கள். இடிந்த பகுதி, கதவின் அடியிலுள்ள சந்து, மூடாத கிணறு, விரியன் தங்கக்கூடிய கல்குவியல் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். நாட்டு நாய்க்கு நாலடிச் சுவர் ஒரு தடையே இல்லை, ஆறடியாவது வேண்டும். வீட்டுக்குள் வழவழப்பான ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலையில் (கூடத்துத் திண்ணையில்) ஓடவிடுவதும் சரியல்ல, வழுக்கி மூட்டு பிசகும்.

இடம் சரியாக இருந்தாலும் நேரம் தவறினால் பயனில்லை. செம்மண்ணும் பாறையும் காலை ஒன்பது மணிக்கே சூடேறத் தொடங்கிவிடும். புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் அது தகாது. தை மாதத்தில் சிறாவயல் மஞ்சுவிரட்டை ஒட்டிய நாள்களில் அவிழ்த்துவிட்ட காளைகள் பொட்டல்களில் ஓடும் என்பதால், அப்போது வெளியிடங்களை முற்றாகத் தவிர்க்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் போடாத நாயைத் தெருநாய்கள் நடமாடும் எல்லையில் விடுவது பற்றி யோசிக்கவே கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் நாய் ஓடிவிட்டால், பின்னால் துரத்த வேண்டாம். முன்பு விரட்டி அடிக்கப்பட்ட நாய்க்கு, துரத்துபவர் யாராக இருந்தாலும் பயம்தான். இன்னும் தொலைவுக்கே ஓடும். அவிழ்த்துவிட்ட அதே இடத்தில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, அது படுக்கும் பழைய துணியை விரித்து, வழக்கமாக உண்ணும் சோற்றைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருங்கள். இருட்டிவிட்டால் துணியை அங்கேயே விட்டுவிட்டு, விடியுமுன் திரும்பி வாருங்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண் பொறித்த தகடு இருந்தால், வேறு யாராவது பிடித்தாலும் உங்களுக்குச் செய்தி வந்து சேரும்.